எண்ணெய் ஆகாத ரைபிள்

மதுரையில் பங்குனி வெயில் மொட்டைமாடித் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கடுங்குளிருக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார் என்றால் நீங்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பீர்கள். பாருங்கள், பரவாயில்லை. எங்கள் தெருவே எங்களை அப்படித்தான் பார்த்தது. அந்த ஒருவர் என் அத்தையின் கணவர், எனக்கு மாமா. ஆயத்தம் செய்யப்பட்டது அவருடைய ரைபிளின் ட்ரிக்கர். தை மாதம் தொடங்கிய வேலை, வாரம் தவறாமல் மூன்று மாதம் நடந்தது. அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் காணாமல் போன பல் பிரஷ்களையும் பனியன்களையும் என் பென்சில்களையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மாமா பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவர். கடைசி ஆறு வருடம் வடக்கே, வருடம் முழுக்கப் பனி கிடக்கும் மலைகளில். ஓய்வு பெற்று வந்ததும் அத்தையும் அவருமாகக் கோச்சடையில் எங்கள் வீட்டு மாடியில் குடியேறினார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் கீழ்வீட்டுப் பிள்ளையான என்மீது இரண்டு பேருக்கும் முழு உரிமை இருந்தது. உரிமை என்றால் கொஞ்சுவதற்கு மட்டும் இல்லை, என் சாமான்களைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கும் சேர்த்து.

வந்த இரண்டு மாதம் சும்மா இருந்தார். அப்புறம் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த நகைக்கடன் ஆபீஸில் காவல் வேலை கிடைத்தது. சொந்தத் துப்பாக்கியும் அதற்கு லைசென்ஸும் உள்ள ஆள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாமா தன்னைப் போல ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து பழைய ரைபிள் ஒன்றை முறைப்படி வாங்கி, தன் பெயரில் ஏற்கெனவே இருந்த லைசென்ஸில் அதைப் பதிந்து, கதவுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கி இருக்கும் வரைக்கும் வேலை, லைசென்ஸ் இருக்கும் வரைக்கும் துப்பாக்கி. அவ்வளவு எளிய கணக்கு. தோட்டாக்கள் ஐந்தும் ஆபீஸ் லாக்கரிலேயே இருக்கும். வீட்டுக்குத் துப்பாக்கி மட்டும்தான் வரும்.

வினை வந்தது ஏசியால். அந்த ஆபீஸ் மேனேஜர் நல்ல பருத்த மனிதர். ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டு, அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதே என்று ரிமோட்டைத் தட்டிப் பார்ப்பாராம். அந்த ஏசி நேராக மாமா நாற்காலியின் மேல் ஊதியது. முதல் நாள் தும்மிக்கொண்டு வந்த மாமா, இரண்டாம் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து கம்பளிக் குல்லாவை எடுத்தார். மூன்றாம் நாள் ரைபிளை மடியில் கிடத்தி ட்ரிக்கரை ஒரு விரலால் தடவிப் பார்த்து, "இது தாங்காது" என்றார்.

எது தாங்காது என்று கேட்டதுதான் அப்பா செய்த தப்பு. மாமா அதற்கு ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னார்.

அந்தப் பதிலை நான் அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டேன் என்று எண்ணவில்லை. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். துப்பாக்கி செய்கிற இடத்தில் ட்ரிக்கருக்குள் எண்ணெயும் கிரீஸும் பூசித்தான் அனுப்புவார்கள். வெயிலில் அது நல்லது. குளிரில் அந்த எண்ணெய் கெட்டியாகும், அதில் தூசி ஒட்டும், ஒட்டிய தூசியோடு சேர்ந்து பிசினாகும். ட்ரிக்கரை அழுத்தினால் போகாது, போனால் திரும்பாது. ஆகவே குளிருக்குப் போகும் ரைபிளில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர வைத்து, எண்ணெய்க்குப் பதிலாக வெறும் கரித்தூளைத் தேய்க்க வேண்டும். "எண்ணெய் இருக்கே மாப்ள, அது வெயில்ல வேலைக்காரன். குளிர்ல மொதலாளி. ஒக்காந்த எடத்த விட்டு நகர மாட்டான்" என்பார் மாமா. அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"மதுரையில ஐஸக் கண்ணால பாக்கணும்னாலே மீன் மார்க்கெட்டுக்குத்தான் போகணும். நீ எந்தக் குளிரச் சொல்ற?" என்றார் அப்பா.

"பதினாறு மாப்ள. பதினாறு டிகிரி. விளையாட்டா?"

அந்தப் பதினாறு எங்கள் தெருவில் மாமாவுக்குப் பெயராகவே ஆகிவிட்டது. பால்காரர் மாடியைப் பார்த்துக் கேட்பார்: "அண்ணே, எங்கிட்டு பனி பெய்யப் போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நானும் மாட்டுக்குச் சாக்குப் போத்திருவேன்."

மாமா அசர மாட்டார். "பனி ஒன்ட்ட சொல்லிட்டா பெய்யும்?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சடங்கு இப்படி நடக்கும். மொட்டைமாடியில் பழைய போர்வையை விரிப்பார். மூலையில் ஓர் உரச்சாக்கு நிறைய மணல் இருக்கும். துப்பாக்கியின் வாய் எப்போதும் அந்த மணலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். துணி காயப் போட வந்த அம்மா உட்பட. உள்ளே தோட்டா இல்லை என்று சுண்டுவிரலை விட்டு மூன்று தரம் பார்ப்பார். வீட்டுக்குத் தோட்டாவே வராது என்பது அவருக்கும் தெரியும், இருந்தாலும் பார்ப்பார். பிறகு திருகாணிகளைக் கழற்றி, மரக்கட்டையிலிருந்து இரும்பைப் பிரித்து, அடியில் இருக்கும் ட்ரிக்கர் பகுதியை ஓர் எவர்சில்வர் தட்டில் வைப்பார். அது எங்கள் வீட்டுத் தட்டு. அதில் மறுபடி சோறு போட முடியவில்லை என்று அம்மா அதை ஒதுக்கி வைத்தாள். அடுத்த ஞாயிறு இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டார்.

மண்ணெண்ணெய் ரேஷனில் வாங்கியது. பிரஷ் யாருடையது என்று கேட்பதில்லை, குளியலறையில் எது கையில் அகப்படுகிறதோ அது. அப்பாவின் பனியன் கிழிந்து நாலாகும். தூரிகை மாதிரி ஒரு குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி, ட்ரிக்கரின் சந்து பொந்தெல்லாம் துடைத்து, பஞ்சு வெள்ளையாகத் திரும்பி வரும் வரை விட மாட்டார். கடைசியில் வெயிலில் உலர்த்தி, விரலால் தடவி, "ஈரம் ஒட்டக் கூடாது. கருப்புதான் ஒட்டணும்" என்பார். அந்தக் கருப்பு எங்கே இருந்து வரும் என்கிறீர்கள்? என் பென்சிலிலிருந்து.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. படம் வரைவதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஒழுங்காக வராது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டி ஒன்று வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். நேரில் உட்கார்ந்து, நடு மண்டபத்தைப் பென்சிலால் மட்டும் வரைய வேண்டும். தெப்பக்குளத்தில் அப்போதெல்லாம் தண்ணீர் கிடையாது, பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். அதனால் தண்ணீர் வரைகிற தொல்லை இல்லை, ஆனால் கல்லின் நிழலுக்கு நல்ல கருப்பான பென்சில் வேண்டும். அப்பா டவுன் ஹால் ரோட்டில் அலைந்து அப்படி ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். எழுத்துப் பென்சிலில் கரி போதாது என்று மாமா கண்டுபிடித்த அன்றைக்கு அந்தப் பெட்டியும் கண்டுபிடிக்கப்பட்டது.

பிளேடால் மரத்தைச் சீவி, உள்ளிருக்கும் கரியை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, அதைத் தீப்பெட்டியில் நிரப்பிக்கொள்வார். ஒரு பென்சில் ஒரு ஞாயிறு. நான் அழுதால், "மருமகளே, நீ நாட்டுக்குச் செய்ற சேவை இது" என்பார். எந்த நாட்டுக்கு? பைபாஸ் ரோட்டு நகைக்கடன் ஆபீஸ் எப்போது நாடானது?

சரி, இத்தனை செய்தும் அந்த ட்ரிக்கர் ஒழுங்காக இருந்தால் மனம் ஆறியிருக்கும். அதுவும் இல்லை. ஞாயிறு மதியம் மணல் சாக்கை நோக்கி வெறும் துப்பாக்கியை அழுத்திக் காட்டுவார், 'டக்' என்று சுத்தமாகக் கேட்கும். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. செவ்வாய், புதன் வாக்கில் ஆபீஸ் போகுமுன் அழுத்துவார். 'டக்' வராது. விரல் அல்வாவில் இறங்குவது போல இறங்கும், மெதுவாகத் திரும்பி வரும். மாமா ரைபிளை நிமிர்த்தி அதன் முகத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

அப்புறம் ஆராய்ச்சி. முதலில் ரேஷன் மண்ணெண்ணெயில் கலப்படம் என்றார். பிறகு ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வேர்ப்பது போல, ஏசியிலிருந்து வெயிலுக்கு வந்த துப்பாக்கிக்கு வேர்க்கிறது என்றார். அது வாஸ்தவமாகக்கூட இருக்கலாம். அதனால் தினமும் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைப் போர்வையோடு ஒரு மணி நேரம் கட்டிலில் கிடத்தி வைத்தார். அது ஓய்வெடுக்கும் வரை ஃபேன் போடக் கூடாது. அதற்கும் பலன் இல்லை. ஆபீஸில் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகைதான் உள்ளே போய் ஒட்டுகிறது என்று முடிவு செய்து, சாம்பிராணியை நிறுத்தும்படி மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர், 'லட்சுமி வருகிற இடத்தில் இப்படி ஒரு பேச்சா' என்று ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியாகப் பழி என் பென்சில் மேல் வந்தது. "இதுல கரி இல்ல மருமகளே, மெழுகு கலந்திருக்கான். இன்னும் கருப்பா இருக்கிறதா வாங்கச் சொல்லு." அப்பா அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போனார்.

இதற்கெல்லாம் அத்தை ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவளுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. அதை வைக்கிற பீரோவில் தன் சேலையை வைக்க மாட்டேன் என்று துணிகளை எல்லாம் வெளியே கொடியில் போட்டிருந்தாள். ஆனால் பீரோ சாவி மட்டும் அவள் இடுப்பில்தான் இருக்கும். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் சாயங்காலம் நான் மாடிக்குப் போய் அவளுக்குப் பேப்பர் வாசிக்க வேண்டும். முழுப் பேப்பரும் இல்லை. நகைக்கடையில் திருட்டு, பேங்கில் கொள்ளை, அந்த மாதிரிச் செய்தி மட்டும். வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான்: "காவலுக்கு இருந்த ஆளு என்ன ஆனாருன்னு போட்டிருக்கா பாரு." பெரும்பாலும் போட்டிருக்காது. எத்தனை பவுன் போனது என்று விவரமாக எழுதுகிறவர்கள் அதை மட்டும் எழுத மாட்டார்கள். நான் இல்லை என்றால், நன்றாகப் பார் என்பாள். எப்போதாவது, காவலாளி தப்பி ஓடிவிட்டார் என்று இருந்தால் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்வாள். எனக்குப் பொறுமை போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு தரம் சொன்னால் புரியாதா என்று நினைப்பேன்.

பங்குனியில் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நம்பரைச் சரிபார்த்து, நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு நடக்கும். அந்தக் காகிதத்தை மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று மேனேஜர், சாம்பிராணிக் கோபமோ என்னவோ, கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்டேஷனில் திங்கட்கிழமை என்று நாள் குறித்துக்கொடுத்தார்கள். மாமாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "ஒரு மிலிட்டரிக்காரன் துப்பாக்கி ஒட்டுதுன்னா வெளிய தல காட்ட முடியுமா? வேலை போறது கெடக்கட்டும் தங்கச்சி, மானம் போகும்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவே மனமிரங்கி, தன் புது பல் பிரஷைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே போர்வையை விரித்தார். அப்படி ஒரு சுத்தம் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு துண்டையும் தலைக்கு மேல் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு பென்சிலில் ஒன்றை எடுத்தார். நான் தரமாட்டேன் என்று இறுகப் பிடித்தேன். விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். பூட்டி முடித்து மணல் சாக்கைப் பார்த்து அழுத்தினார். 'டக்'. எதிர்வீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று முடி வெட்டிக்கொள்ளக் கடைக்குக் கிளம்பினார்.

கடைசிப் பென்சிலையாவது காப்பாற்றுவோம் என்று நான் மாடிக்கு ஓடினேன். அதையும் அவர் தன் சாமான் பெட்டியில் போட்டிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளினேன்.

அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். பீரோ திறந்திருந்தது. அந்த ரைபிள் அவள் மடியில் கிடந்தது. துப்பாக்கி இருக்கும் பக்கமே திரும்பாதவள் அதை மடியில் மல்லாத்திப் போட்டு, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற கண்ணாடிச் சொட்டுக் குழாயால் ட்ரிக்கரின் இடுக்கில் எதையோ விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விளக்கெண்ணெய் பாட்டில்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மண்ணெண்ணெயில் கலப்படம் இல்லை, துப்பாக்கிக்கு வேர்க்கவில்லை, சாம்பிராணியிலும் என் பென்சிலிலும் ஒரு குற்றமும் இல்லை. வாரா வாரம் மாமா துடைப்பதும், வாரா வாரம் அத்தை ஊற்றுவதும், நடுவில் என் பென்சில்கள் ஒவ்வொன்றாகச் செத்ததும்தான் நடந்திருக்கிறது.

"நீங்கதானா அத்தை?" என்றேன்.

அத்தை பயப்படவில்லை. சொட்டுக் குழாயைப் பாட்டிலுக்குள் வைத்தாள். "கதவச் சாத்து" என்றாள். சாத்தினேன்.

"மாமாட்ட சொல்லாத. ஒனக்குப் பென்சில் ஒரு டப்பாவே வாங்கித் தாரேன்."

"நாளைக்கு ஸ்டேஷன்ல பாப்பாங்கல்ல?"

"அவங்க நம்பரத்தான் பாப்பாக. இதப் போயி யாரு அழுத்திப் பாக்கப் போறா" என்றாள். அவள் அப்படித்தான் நிஜமாகவே நினைத்திருந்தாள்.

"ஏன் அத்தை இப்படிப் பண்றீங்க?"

அவள் முந்தானையால் ட்ரிக்கரைச் சுற்றி வழிந்ததைத் துடைத்தாள். சுத்தமாக, ஓரம் தெரியாமல் துடைத்தாள். அந்த வீட்டில் சுத்தம் மாமாவுக்கு மட்டும் சொந்தமில்லை. துடைத்துக்கொண்டே, என்னிடம் சொல்வது போல இல்லாமல், துப்பாக்கியிடம் சொல்வது போலச் சொன்னாள்: "எவனாச்சும் உள்ள வந்தா, கதவாண்ட இருக்கிற மனுசன்ட்டதான மொதல்ல வருவான். இது வேலை செஞ்சுச்சுன்னா இவரு நின்னுருவாரு. நிக்கிற ஆளுதான் இவரு, எனக்குத் தெரியும். வேலை செய்யலைன்னா ஓடியாரணும்ல."

எனக்கு அதில் ஒரு நியாயமும் தென்படவில்லை. துப்பாக்கி எதற்கு இருக்கிறது, சுடத்தானே? சுடாத துப்பாக்கியைத் தினமும் தூக்கிக்கொண்டு போவதற்கா நான் இத்தனை பென்சில் கொடுத்தேன்? சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். ஒரு டப்பா பென்சில் என்பது பெரிய லஞ்சம்தான். ஆனால் என் கோபம் அதைவிடப் பெரியதாக இருந்தது. மெழுகு கலந்த பென்சில் என்று என் பென்சிலுக்கு வந்த அவப்பெயரை யார் துடைப்பது?

மாமா முடிவெட்டிக்கொண்டு தெருமுனையில் வரும்போதே ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாட்டில், சொட்டுக் குழாய், முந்தானை, அத்தை சொன்ன சொல், ஒன்றையும் விடவில்லை. இப்போது ஓடிப் போய் அத்தையைச் சத்தம் போடுவார், உடனே போர்வையை விரிப்பார், மண்ணெண்ணெய் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கடைசிப் பென்சிலைக்கூட நானே கொடுத்திருப்பேன்.

மாமா பிடரியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் தட்டினார்.

"வெளக்கெண்ணெயா?" என்றார்.

"ஆமா மாமா."

"தையிலருந்தா?"

"ஆமா."

"ஓடியாரணும்னு சொன்னாளா?"

ஆமாம் என்றேன். "சரி, நீ போய் வெளயாடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். குளித்தார். அத்தை வைத்த சோற்றைச் சாப்பிட்டார், ரசம் நன்றாக இருக்கிறது என்றார். பாயை விரித்துப் படுத்தார். பகல் முழுக்க இருந்தது, சாயங்காலம் முழுக்க இருந்தது, மண்ணெண்ணெய் டின் நடையிலேயே இருந்தது. அவர் அந்தப் பீரோப் பக்கம் போகவே இல்லை. நான் நாலைந்து தரம் மாடிக்குப் போய் அவர் முன்னால் நின்று பார்த்தேன். "என்ன மருமகளே?" என்றார். அத்தை பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் என்னத்தைச் சொல்வது?

மறுநாள் மாமாவும் அப்பாவும் நானும் ஆட்டோவில் போனோம். ஸ்டேஷன் வேலை முடிந்ததும் அப்பா எனக்குப் பென்சில் வாங்கித் தருவதாக ஏற்பாடு. அங்கே துப்பாக்கி பார்க்கிற ஏட்டு தன்மையானவர். காகிதத்தையும் நம்பரையும் ஒத்துப் பார்த்தார். குழாய்க்குள் பார்த்து, "ராணுவத்தில இருந்தவுக கைன்னா தனிதான்" என்று பாராட்டினார். பிறகு, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அங்கிருந்த மணல் தொட்டியைப் பார்த்து அழுத்தினார்.

விரல் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. 'டக்' வரவில்லை. விட்டார், ட்ரிக்கர் சோம்பல் முறித்துக்கொண்டு திரும்பி வந்தது. ஏட்டு மறுபடி அழுத்தினார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"என்னண்ணே இது, இம்புட்டு எண்ணெயப் போட்டு வச்சிருக்கீங்க?"

நான் மாமாவின் சட்டையை இழுத்தேன். சொல்லுங்கள், அத்தை செய்தது என்று சொல்லுங்கள். மாமா என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். விறைப்பாக நின்றார்.

"என் தப்புதான் சார். பராமரிப்பு சரியில்ல. கவனிக்காம விட்டுட்டேன்."

அப்பா வெடுக்கென்று அவர் பக்கம் திரும்பினார். "மாப்ள" என்றார். மூன்று மாதம் அந்த மண்ணெண்ணெய் வாடையில் சோறு தின்றவர் அல்லவா.

ஏட்டுக்கும் சங்கடம். "பரவாயில்லண்ணே, ஒண்ணும் அவசரமில்ல. தொடச்சுட்டு வெள்ளிக்கிழம கொண்டாங்க, நான் பாத்துக் கையெழுத்து வாங்கித் தாரேன்" என்றார்.

"வேணாம் சார். இத ஒப்படைச்சுடுறேன். அதுக்கு என்ன எழுதணும்னு சொல்லுங்க."

அப்பா என்னென்னவோ சொன்னார். வேலை போகும் என்றார், வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறதே என்றார், நானே உட்கார்ந்து துடைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். மாமா அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்து, ஏட்டு சொல்லச் சொல்ல, குண்டு குண்டான எழுத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார், மாமா ஒரு பக்கம். பென்சில் கடை வந்ததையும் போனதையும் நான் மட்டும்தான் பார்த்தேன்.

அத்தை மாடிப்படியின் கீழே நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கையோடு இறங்கிய மாமாவைப் பார்த்தாள்.

"லைசென்ஸு குடுக்கல" என்றார் மாமா. "ட்ரிக்கர் சரியில்லையாம். நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துருறேன்."

அத்தையின் முகம் வெளிறியது. "நீங்க நல்லாத்தானங்க தொடச்சீங்க" என்றாள், பாதிக் குரலில்.

"எங்க நல்லா தொடச்சேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல. உள்ள அழுக்கு இருந்துருக்கு, தெரியல."

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். வேலை போனதற்கு அழுகிறாள் என்று அம்மா ஓடி வந்து தேற்றினாள். மாமா ஒரு படி கீழே, அவள் காலருகில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு செருப்பையும் கழற்றிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் அறியாதவள் போல அவள் பேசியதும் பொய் என்று எனக்குத் தெரியும். அதை ஒருவருக்கொருவர் சொல்லாமலே இருவரும் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதம் மாமா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் எடை போடும் வேலைக்குப் போனார். சம்பளம் பாதிதான். அத்தை அதற்குப் பிறகு என்னைப் பேப்பர் வாசிக்கக் கூப்பிடவே இல்லை.

அதெல்லாம் எனக்குப் புரிய எனக்கே ஒரு வீடும், வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு காரணமும் வர வேண்டியிருந்தது. அன்றைக்கு ஒன்பது வயதில் படிக்கட்டடியில் நின்று அவர்கள் இருவரையும் பார்த்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்பதும், அதற்கு ஒருவர்கூட என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்பதும்தான்.